நன்றாக ஓடுவதை நிறுத்துகிறவள்

பன்னிரண்டரைக்கு எங்கள் மூன்றாவது மாடியில் விளக்குகள் அணைகின்றன. மேசைக்கு மேசை தலையணை வெளியே வருகிறது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பதினோரு பேர் மேசைமேல் கவிழ்கிறோம். பன்னிரண்டாவது ஆளான பி-யுன் அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, காலுறையோடு எங்கள் தலைகளுக்கு நடுவே நடக்கிறாள். யார் பக்கத்திலாவது நின்று, மூச்சு சீராக வருகிறதா என்று குனிந்து பார்ப்பாள். பிறகு கோடியில் இருக்கும் தன் மேசைக்குப் போய் நின்றபடியே எதையோ தட்டுவாள். தைவானின் கவோஷியுங் நகரத்து ஆம்புலன்ஸ்களுக்கு எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை காலி என்று சொல்லும் மூன்று கணினிகளில் ஒன்று அந்த நொடியில் செத்துப்போகும்.

நாங்கள் தூங்கிக்கொண்டே இருந்தால் அன்றைக்கு அவளுக்கு வெற்றி. மணி அடித்து, யாராவது கடைவாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தால் தோல்வி. ஒரு மணிக்கு விளக்கு எரியும்போது பலகையில் இரண்டு வரிகள் இருக்கும். மேல் வரி, உடைப்பதற்கு முன்னால் எழுதியது: 'ஒண்ணு போனா மத்த ரெண்டும் தாங்கும். பட்டியல் அஞ்சு செகண்டு லேட்டாகும்.' கீழ் வரி, உடைத்த பிறகு எழுதியது: 'தாங்கிச்சு. ஆனா பதினேழு செகண்டு.' அந்தப் பன்னிரண்டு செகண்டு எங்கே போயிற்று என்று அடுத்த ஒரு வாரம் எங்கள் உயிரை எடுத்துவிடுவாள்.

"ராத்திரி யாரும் பாக்காதப்ப தானா உடையும். அதுக்குப் பதிலா பகல்ல நானே உடைச்சிடறேன். நீங்க எல்லாம் சாப்பிட்டு, பக்கத்துலயே படுத்திருக்கீங்க. இதவிட நல்ல நேரம் கிடைக்குமா?" என்பாள்.

"தூங்கிட்டில்ல இருக்கோம் அக்கா?"

"அதான் வேணும். பன்னெண்டு பேரு முழிச்சு உக்காந்து தாங்கிப் பிடிச்சு ஒண்ணு நின்னா, அது நிக்கிறதாடா?"

அவளுடைய விசிட்டிங் கார்டில் கேயாஸ் இன்ஜினியர் என்று போட்டிருக்கிறது. மீன் சந்தையில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "நல்லா ஓடுறத நிறுத்துற வேலை" என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருப்பாள். ஆபீசில் அவளுக்குப் பூனை அக்கா என்று பெயர். மேசை ஓரத்தில் இருக்கிற டம்ளரைப் பூனை ஒரு கையால் தள்ளித் தள்ளிப் பார்க்குமே, அதனால் வந்த பெயர். அவளுக்கு அது தெரியும், பிடித்தும் இருக்கிறது.

வயது நாற்பத்தொன்று. குள்ளம். முடியைத் தானே வெட்டிக்கொள்வதால் இடப்பக்கம் எப்போதும் கொஞ்சம் நீளமாகத் தொங்கும். கழுத்தில் நீலக் கயிறு, கயிற்றில் போன். குளிக்கும்போதும் அதை வாசல் பக்கத்து ஆணியில்தான் மாட்டுவாளாம். அவளுக்கு ஒதுக்கிய நாற்காலியில் எங்கள் குடைகளும் எங்களோடு வேலை பார்க்கும் திங்-ஜுவின் சாப்பாட்டுப் பையும் குடியிருக்கின்றன. ஏனென்றால் அவள் உட்காருவதில்லை. சோற்று உருண்டையை நின்றுகொண்டு தின்பாள், மீட்டிங்கில் சுவரோரம் நிற்பாள், இரண்டு மணி நேர ரயில் பயணத்தில் பெட்டிக்குப் பெட்டி நடப்பாள். மூன்று வருஷமாகப் பக்கத்து மேசைக்காரன் நான். அவள் முட்டி மடங்கிப் பார்த்தது, நழுவிய காலுறையை இழுத்துவிடும்போது மட்டும்தான்.

எங்கள் மேனேஜர் ஃபாங், எங்கள் ஊர் ஆபீஸ்களில் எல்லாரும் செய்வதுபோல, கணினிகள் குறும்பு செய்யாமலிருக்க ஒவ்வொன்றின் தலையிலும் பச்சைக் கவரில் சோளப்பொரி வைத்திருக்கிறார். அக்கா கணினியைக் கொல்வாளே தவிர அந்தப் பொட்டலத்தைத் தொடமாட்டாள். மாறாக, தேதி முடிந்த பொட்டலத்தை முதலில் கண்டுபிடித்துப் புதுசு வாங்கி வைப்பவள் அவள்தான். "நம்பிக்கையாக்கா?" என்று கேட்டேன். "இல்லடா. ஒரு தடவைக்கு ஒண்ணத்தான் மாத்தணும். பொட்டலத்தையும் எடுத்து மெஷினையும் உடைச்சா, எதனால போச்சுன்னு எப்படித் தெரியும்?" என்றாள். முகத்தைப் பார்த்தால் கேலியா நிஜமா என்று தெரியவில்லை.

வீட்டிலும் இந்தப் புத்தி சும்மா இருப்பதில்லை. புருஷன் வென்-ஹாய் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்த உப்பு முழுவதையும் ஒளித்துவைத்துவிட்டாளாம், உப்பில்லாமல் வீடு எத்தனை நேரம் ஓடும் என்று பார்க்க. "அஞ்சு நிமிஷம்கூட ஓடல. நேரா பக்கத்து வீட்டுக்குப் போய்க் கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன்" என்றார் வென்-ஹாய். அக்காவுக்கு மகா சந்தோஷம். "பாத்தியா? மாத்து வழி இருக்கு" என்று எங்களிடம் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு பரபரப்பும் பிறவிக் குணம் இல்லை. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் அவள் உட்கார்ந்திருக்கிறாள், என்னைப்போலவே மத்தியானம் தூங்கியிருக்கிறாள் என்று ஃபாங் சொல்கிறார். நாலு வருஷத்துக்கு முன்னால் பெருமழை கொட்டிய ஒரு ஞாயிறு, தைனானில் வென்-ஹாயின் தம்பி கல்யாண விருந்து. அன்றைக்குக் கூப்பிட்டால் வரவேண்டிய முறை அக்காவுடையது. போன் கைப்பையில், கைப்பை நாற்காலிக்கு அடியில், மேடையில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் எங்கள் பட்டியல் முப்பத்தெட்டு நிமிஷம் உறைந்துபோயிற்று. மூளையில் ரத்தம் கட்டிய ஒரு பெரியவரை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் இரண்டு ஆஸ்பத்திரி வாசலில் திரும்பி மூன்றாவதில் இறக்கியது. அவர் பிழைத்துக்கொண்டார். பேச்சு மட்டும் திரும்பவில்லை. அதை அக்கா என்னிடம் ஒரே தடவைதான் சொன்னாள், லிஃப்ட் வருவதற்காக நின்றபோது. லிஃப்ட் வந்ததும் படியில் இறங்கிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் அவள் உடைக்க ஆரம்பித்தாள். முதலில் கணினிகள், அப்புறம் கேபிள்கள், அப்புறம் ஆட்கள்.

ஆட்களை உடைப்பது மாதத்தின் முதல் புதன்கிழமை. மாஸு அம்மன் கோயிலில் குறி கேட்கிற சிவப்புப் பிறைக்கட்டை ஒரு ஜோடி அவள் மேசை டிராயரில் இருக்கிறது. ஒன்று மல்லாந்து ஒன்று குப்புற விழுந்தால் அம்மன் சரி என்கிறாள். இரண்டும் குப்புற விழுந்தால் கூடாது. இரண்டும் மல்லாந்தால் அம்மன் சிரிக்கிறாள், கேள்வியை மாற்றிக் கேட்கவேண்டும். அக்கா பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கட்டையைப் போடுவாள். யாருக்குச் சரி விழுகிறதோ அந்த ஆள் அன்றைக்கு இல்லை. போனை பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டு எதிர்ப்பக்கம் இருக்கும் சுயி அத்தையின் பால்மீன் கஞ்சிக் கடையில் இரண்டு மணி வரைக்கும் உட்காரவேண்டும். திருட்டுத்தனம் பண்ணாமலிருக்கக் காவலுக்கு ஒருத்தர் கூடப் போவார். அந்த ஆள் இல்லாத நேரத்தில்தான் ஒரு கணினியைச் சாகடித்து எழுப்புவார்கள். எழுப்பும் வேலை மட்டும் எப்போதும் அக்காவுடையது. எங்களால் சமாளிக்கவே முடியாமல் போனால் ஜன்னலில் சிவப்புத் துண்டு தொங்கும், அப்போது ஓடிவரலாம். ஆம்புலன்ஸ் அறைக்கு முந்தின நாளே தகவல் போய்விடும். அவர்களும் டெலிபோனைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள்.

இந்தப் புதன்கிழமைகளால் நிறையத் தெரியவந்தது. திங்-ஜு போன அன்று ஆஸ்பத்திரிகளின், ஆம்புலன்ஸ் வண்டிகளின் நேரடி நம்பர்கள் அவள் போனில் மட்டும்தான் இருக்கின்றன என்று தெரிந்தது. இப்போது அவை சுவரில் தொங்குகின்றன. நான் போன அன்று என் பாஸ்வேர்டு என் தலையணை உறைக்குள் சீட்டில் இருந்தது தெரிந்து மானம் போயிற்று. ஃபாங் மேனேஜர் போன அன்று எதுவுமே நிற்கவில்லை. பாவம், இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

காவலுக்குப் போக நான் எப்போதும் தயார். சுயி அத்தையின் கஞ்சியில் மீன்வயிற்றுத் துண்டு உள்ளங்கை அகலம் இருக்கும்.

போன மாதம் முதல் புதன்கிழமை காலையில் சும்மா அந்தப் பெயர்ப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஒரு சந்தேகம்."

"உனக்கு சந்தேகமெல்லாம் வேற வருமா?"

"நாம பன்னெண்டு பேரு. இதுல பதினோரு பேருதான் இருக்கு."

அவள் பட்டியலை வாங்கிப் பார்த்தாள். உண்மையிலேயே அப்போதுதான் பார்க்கிறவள்போல விரலால் எண்ணினாள். "நான் எப்படிடா போறது? எல்லாத்தையும் நிறுத்துற பட்டன் என் கையில்ல இருக்கு?"

திங்-ஜு தலையணையைக் கட்டிக்கொண்டு நாற்காலியைத் திருப்பினாள். சுருக்கென்று பேசுகிறவள் அவள். "நம்பரெல்லாம் என் போன்லதான் இருக்கு, நான் எப்படிப் போறதுன்னு நானும்தான் கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

அக்கா பட்டியலை மேசைமேல் வைத்தாள்.

"'அப்படின்னா மொதல்ல போக வேண்டியவ நீதான்'னு சொன்னீங்க."

"அது வேற, இது வேற."

"எப்படி வேற? அன்னிக்கு எங்களப் பாத்துச் சொன்னீங்களே, இப்பவும் எங்க கண்ணப் பாத்துச் சொல்லுங்க."

"போடுங்கப்பா கட்டைய!" என்றார் ஃபாங், பின்னாலிருந்து. அவருக்கு வாழ்நாளின் நல்ல நேரங்களில் அது ஒன்று.

அக்கா கட்டைகளை எடுத்தாள், கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தாள், பிறகு என்னிடம் நீட்டினாள். நான் "கோ பி-யுன்" என்று சொல்லிப் போட்டேன். இரண்டும் மல்லாந்து விழுந்தன. அம்மன் சிரித்துவிட்டாள். ஆபீஸ் முழுக்கக் கொல்லென்று சிரித்தது. "பாத்தியா, அம்மனுக்கே சிரிப்பு வருது" என்று அக்கா கையை நீட்டினாள். "இருங்க, கேள்விதான் சரியில்ல" என்று நான் கட்டைகளைப் பொறுக்கி மார்போடு வைத்துக்கொண்டு மறுபடி கேட்டேன். "அம்மா, அக்கா இல்லாம நாங்க இருந்து பாக்கலாமா?"

ஒன்று மல்லாந்தது. மற்றது உருண்டு, தயங்கி, குப்புற விழுந்தது.

அவள் கயிற்றைக் கழற்றும்போது கழுத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன். ஏதோ பார்க்கக்கூடாததைப் பார்த்ததுபோல் இருந்தது. டப்பாவில் போட்ட போனை இரண்டு தடவை திரும்ப எடுத்துப் பார்த்தாள். "துறைமுகத்துப் பெரிய ஆஸ்பத்திரி டெங்குல காலைலேர்ந்து நிறைஞ்சு கிடக்கு, பாத்துக்கோங்க" என்று திங்-ஜுவிடம் மூன்று தடவை சொன்னாள். திங்-ஜு அவளைத் தோளைப் பிடித்து லிஃப்ட் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனாள்.

சுயி அத்தைக்கு இவள் புது வாடிக்கை. "உக்காரும்மா" என்று சிவப்பு ஸ்டூலைத் தட்டிக்கொடுத்தாள். அக்கா தன் பையை அதில் உட்காரவைத்துவிட்டுக் கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்து பார்த்தால் சாலைக்கு அந்தப் பக்கம் எங்கள் மூன்றாவது மாடி ஜன்னல்கள் வரிசையாகத் தெரியும். கஞ்சி வந்தது. நான் என்னுடையதை முடித்தேன். அவளுடையதில் ஆடை கட்டியது.

"என்னம்மா, மீனு நாறுதா?" என்றாள் சுயி அத்தை.

"இல்ல அத்தை. உங்க கடையில கேஸ் தீந்துபோச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"கடைய மூடிட்டுப் போய்ப் படுப்பேன்."

அக்காவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

பன்னிரண்டே காலுக்குத் திங்-ஜு ஒரு கணினியை நிறுத்தியிருப்பாள். இருபத்தைந்துக்குத் திரும்ப எழுப்பியிருப்பாள். பன்னிரண்டரைக்கு அந்தக் கட்டிடத்தின் ஜன்னல்கள் ஒவ்வொரு மாடியாக இருண்டன. ஐந்து, நான்கு, இரண்டு, ஒன்று. மூன்றாவது மட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஆட்கள் எழுந்து நிற்பது தெரிந்தது. ஃபாங்கின் வழுக்கை இங்கும் அங்கும் போயிற்று.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது. "ஹெங், நான் ஒண்ணு சொல்லல."

"என்ன?"

"செத்த மெஷின் எந்திரிக்கும்ல, அது நேத்தைய பட்டியலோடதான் எந்திரிக்கும். நான் ஒரு வரி தட்டுவேன். பழச விட்டுட்டு மத்த ரெண்டுகிட்ட இருந்து புதுசா வாங்கிக்கும். பத்து செகண்டு வேலை. மூணு வருஷமா நானே தட்டிட்டிருக்கேன்."

"அத எங்க எழுதி வச்சிருக்கீங்க?"

அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுதல. பத்து செகண்டுதானேன்னு..."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. தலையணை உறையில் சீட்டு வைத்ததற்கு என்னை ஒரு மாதம் வறுத்தவள். மறுநிமிஷம்தான் உறைத்தது. நேற்று அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை இருந்தது. நேற்றைய பட்டியலை நம்புகிற ஆம்புலன்ஸ் நேராக அங்கேதான் போகும்.

"நான் போறேன்டா. ரூல் கீல்னு பேசாத" என்று அவள் சாலையில் கால் வைத்துவிட்டாள்.

"துண்டு தொங்கலக்கா."

"அவங்களுக்கே தெரியாதப்ப எப்படித் தொங்கவிடுவாங்க?"

"விளக்கு எரியுது. பத்து பேரு நிக்கிறாங்க. ஏதோ சரியில்லன்னு தெரியாமயா நிக்கிறாங்க?" என்று சொன்னேனே தவிர, போங்கள் என்று சொல்லிவிடத்தான் எனக்கும் நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் ஓடியிருப்பாள். அன்றைக்கு மட்டுமில்லை, சாகும்வரைக்கும் ஓடிக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. அவள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன். உதறவில்லை.

அப்போதுதான் சத்தம் கேட்டது. சந்தைப் பக்கமிருந்து ஒரு ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்கூட்டர்கள் ஒதுங்கின. எங்கள் முக்கில் வலது பக்கம் திரும்பினால் துறைமுகத்துப் பெரிய ஆஸ்பத்திரி. இடது பக்கம் திரும்பினால் கால்வாய்க்கரை ஆஸ்பத்திரி. வண்டி முக்கில் வேகம் குறைந்து வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. அக்காவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, வார்த்தை இல்லை. டிரைவருக்குப் பக்கத்தில் இருந்தவர் காதில் போனை வைத்துக்கொண்டு, மறுகையால் முன்கண்ணாடியைத் தட்டி ஏதோ சொல்வது தெரிந்தது. வண்டி நிமிர்ந்தது. இடது பக்கம் திரும்பிப் போய்விட்டது.

நடந்தது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. காலையில் மூன்று தடவை காதில் ஓதப்பட்டதால், நிறைந்து கிடக்கிற ஆஸ்பத்திரியில் ஆறு படுக்கை காலி என்று திரையில் வந்ததுமே திங்-ஜுவுக்குத் தூக்கிவாரிப்போட்டிருக்கிறது. என்ன காரணம் என்று தேடிக்கொண்டு நிற்காமல், எழுந்த கணினியைத் திரும்பப் படுக்கப் போட்டுவிட்டாள். மற்ற இரண்டும் சரியான பட்டியலைச் சொல்ல ஆரம்பித்தன. இடையில் பட்டியல் வாங்கியவர்களுக்கெல்லாம் சுவரில் தொங்கிய நம்பர்களைப் பார்த்து நாலு பேர் டெலிபோன் போட்டிருக்கிறார்கள். ஃபாங் மேனேஜர்தான் அந்த சந்தை வண்டியைப் பிடித்தவர். இப்போது எல்லோரிடமும் பேசுகிறார். அக்கா கையால் தட்டிய அந்த ஒரு வரியைக் கணினி எழும்போது தானே போட்டுக்கொள்ளும்படி திங்-ஜு மறுநாளே மாற்றிவிட்டாள். பட்டியலில் இப்போது பன்னிரண்டு பெயர்.

ஆனால் அன்று கடை வாசலில் எங்களுக்கு இதில் எதுவும் தெரியாது. ஆம்புலன்ஸ் போன பிறகும் ஜன்னல் எரிந்துகொண்டிருந்தது. சிவப்புத் துண்டு வரவில்லை. சுயி அத்தை டேபிளைத் துடைத்தாள். அக்கா தூணிலிருந்து சாலை ஓரம், சாலை ஓரத்திலிருந்து தூண் என்று நடந்தாள். கடைக் கடிகாரத்தில் பன்னிரண்டு ஐம்பத்தொன்று.

மூன்றாவது மாடி விளக்குகள் அணைந்தன.

"என்னடா பண்றாங்க?" என்றாள்.

"படுத்துட்டாங்கக்கா. இன்னும் ஒம்பது நிமிஷம் இருக்குல்ல."

அவள் அந்த இருட்டு ஜன்னலை நெடுநேரம் பார்த்தாள். கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று, கயிறு இல்லை, கீழே இறங்கியது. பிறகு ஸ்டூல்மேல் இருந்த பையை எடுத்துத் தரையில் வைத்தாள். உட்கார்ந்தாள். ஆடை கட்டிய கஞ்சியைச் சுயி அத்தை பக்கம் தள்ளி, சூடு பண்ணித் தரச் சொன்னாள்.